நான்காம் எண்ணில் மட்டும் சுழலும் ஹீற்றர் காற்றாடி

தம்பி, உங்கள் கேள்வி கிடைத்தது. விசுவமடுவிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், இதுதான் முதல் பனிக்காலம், வேலைக்குப் போய்வர வாங்கிய பழைய காரில் ஹீற்றர் காற்றாடி வேக எண் ஒன்று, இரண்டு, மூன்றில் அசையாமல் நான்கில் மட்டும் சுழல்கிறது, மோட்டார் உட்பட எல்லாவற்றையும் மாற்ற 600 டொலர் என்று கராஜில் சொல்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நான்கில் சுழல்கிறது என்றால் உங்கள் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. பியூஸும் நன்றாக இருக்கிறது. போயிருப்பது பெரும்பாலும் ரெசிஸ்டர் என்ற சிறு துண்டுதான்.

இதை நான் இலங்கையில், வவுனிக்குளத்துக்கு அருகே மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு கிழமை விடுமுறையில் வந்தேன். 1997இல் நான் உதவியாளாக நின்று தொழில் பழகிய கராஜ் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஹீற்றரைப் பற்றி எழுத வவுனிக்குளத்துப் பக்கம் பொருத்தமான இடமா என்று நினைப்பீர்கள். பொருத்தமான இடம்தான். ஏசிக் காற்றையும் ஹீற்றர் காற்றையும் தள்ளுவது ஒரே காற்றாடி. இன்று காலை இந்தக் கராஜுக்கு வந்த வேனுக்கும் உங்கள் காருக்கு வந்த அதே நோய். ஏசி நான்கில் மட்டும் வேலை செய்கிறது என்று ஓட்டுநர் சொன்னார்.

அந்த வேனின் ரெசிஸ்டர் இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு, அதன் ஒரு பக்கத்தில் சுருள் சுருளாக மூன்று கம்பிகள், மறு பக்கத்தில் பிளக் செருகும் ஊசிகள். ஒரு சுருள் நடுவில் அறுந்து, நுனி மணிபோல உருகித் திரண்டிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் கறுத்து, பொரித்த அப்பளம்போல எழும்பி நிற்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை இன்னும் போகவில்லை.

இது செய்யும் வேலை விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். நீங்கள் வயல் பக்கத்துப் பிள்ளை, குளத்துத் துருசைப் பார்த்திருப்பீர்கள். துருசைக் கொஞ்சம் திறந்தால் வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர், கூடத் திறந்தால் கூடத் தண்ணீர். ஒன்று, இரண்டு, மூன்று எண்களில் மின்சாரம் இந்தச் சுருள்களின் ஊடாக மட்டுப்பட்டுத்தான் மோட்டாருக்குப் போகிறது. நான்கில் வைத்தால் சுருளைத் தொடாமல் நேரே போகிறது, குளம் நிரம்பி வான் பாய்வதுபோல. அதனால்தான் சுருள் அறுந்தாலும் நான்காம் எண் மட்டும் தப்பிவிடுகிறது.

மட்டுப்படுத்திய மின்சாரம் சுருளில் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை ஆற்றுவதற்காகவே ரெசிஸ்டரைக் காற்றாடியின் காற்று வீசும் குழாய்க்குள் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே காற்று குறைந்தால் ரெசிஸ்டர் கருகும். இந்த வேனுக்குள் வரும் காற்றை வடிக்கும் வடிகட்டியை (எஞ்சினுடையது அல்ல) வெளியே எடுத்தபோது கிரவல் வீதிப் புழுதி செங்கல் நிறத்தில் அப்பியிருந்தது. ஸ்காபரோவில் புழுதிக்குப் பதில் மேப்பிள் இலைச் சருகு.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் 2003இல் கனடா வந்தேன். முதல் பனிக்காலத்திலேயே இதே கோளாறு வந்தது. ஒரு கராஜில் ரெசிஸ்டரை மட்டும் மாற்றித் தந்தார்கள். மூன்று கிழமை ஓடியது. பிறகு ஓர் இரவு, வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் வரும்போது காற்றாடி முற்றாக நின்றுவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே என் மூச்சே முன்கண்ணாடியில் படிந்து உறைகிறது. கையால் துடைத்த இடம் துடைக்கத் துடைக்க வெள்ளையாகியது. பின்னால் பாரவண்டிகளின் வெளிச்சம். அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த வெளியேறும் வழிவரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். முறிகண்டிப் பிள்ளையாரை அன்று கூப்பிட்டதுபோல நான் வேறொரு நாளும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் நானே கழற்றினேன். மோட்டாரின் காற்றாடிக் கூட்டுக்குள் சருகு அடைந்து, கையால் சுழற்றினாலே இறுக்கமாக இருந்தது. இறுகிய மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அது புது ரெசிஸ்டரையும் எரித்துப் பழைய பிளக்கையும் உருக்கிவிட்டது. ஆகவே ரெசிஸ்டரை மாற்றும் அன்றே வடிகட்டியையும் பாருங்கள், மோட்டாரைக் கையால் சுழற்றியும் பாருங்கள். தடையில்லாமல் சில சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். பிளக் சற்றுக் கறுத்திருந்தாலும் வயரோடு சேர்த்துப் புதுப் பிளக் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழற்றுவது கடினமில்லை. இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் காற்றாடி இடப்பக்க இருக்கைக்கு முன்னால் இருக்கும். உங்கள் காரில் அது வலப்பக்கம், பயணி கால் நீட்டும் இடத்துக்கு மேலே. ரெசிஸ்டரும் அதற்குப் பக்கத்தில்தான், பெரும்பாலும் இரண்டே திருகாணிகளில் பிடித்திருக்கும். கழற்றுமுன் பற்றரியின் கறுப்பு வயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். அந்தப் பக்கம் மஞ்சள் நிறப் பிளக் எது தென்பட்டாலும் தொடாதீர்கள், அது விபத்தில் வெடித்து விரியும் காற்றுப் பையினுடையது. எனக்கு ரெசிஸ்டரும் பிளக்கும் சேர்த்து 60 டொலருக்குள் முடிந்தது. காரின் ஆண்டையும் மாதிரியையும் சொல்லி வாங்குங்கள். எண்ணுக்குப் பதில் வெப்பநிலையைக் காட்டும் தானியங்கி ஏசி உள்ள கார்களில் இந்தச் சுருள் ரெசிஸ்டர் இராது. உங்களுடையது நான்கு எண் உள்ளது, ஆகவே கவலையில்லை.

ஒருவேளை நான்கிலும் நின்றுபோனால் அது வேறு கதை. முதலில் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவுதான் போட வேண்டும். இங்கே போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரிக்கே வழியில்லாமல், செம்புக் கம்பி இழையைப் பியூஸாகச் சுற்றி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நாங்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. அங்கே கடையில் பியூஸ் இருக்கிறது. கம்பியைச் சுற்றினால் கார் தீப்பிடிக்கும்.

பியூஸ் சரியென்றால், 12 வோல்ட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பிணைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தொழில் பழக்கியவர் வைத்திருந்த ஒரே சோதனைக் கருவி அதுதான். திறப்பைத் திருப்பி, எண்ணை நான்கில் வைத்து, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி அதன் இரு முனைகளிலும் பல்பைப் பிடியுங்கள். எரியாவிட்டால் கோளாறு மோட்டாருக்கு முன்னால், ரிலேயிலோ சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. பிரகாசமாக எரிந்தும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பிளக்கைத் திரும்பச் செருகி, ஸ்குரூ டிரைவரின் பிடியால் மோட்டாரை மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்துவிட்டது, மோட்டாருக்குக் காசு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஆனால் பல்புக்குச் சிறு மின்சாரம் போதும், மோட்டாருக்குப் போதாது. கருகிய பிளக்கிலும் பல்ப் எரியும். அதனால் பல்பை நம்பினாலும் பிளக்கைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

காற்று பலமாக வந்தும் சூடு வராவிட்டால் காற்றாடியைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின், எஞ்சின் சூட்டை ஹீற்றருக்குக் கொண்டுவரும் குளிரூட்டி நீரின் அளவைப் பாருங்கள்.

திருத்தும்வரை நான்கில் வைத்து ஓட்டலாம், கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஏசியையும் போடுங்கள். பனியில் ஏசியா என்று யோசிக்க வேண்டாம், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஏறுமுன் சப்பாத்துப் பனியைத் தட்டிவிடுங்கள், காலடி விரிப்பில் உருகும் தண்ணீர்தான் கண்ணாடியில் போய்ப் படிகிறது. காற்றாடி முற்றாக நின்றால் அன்றைக்கு பஸ்ஸில் போங்கள். ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை, கண்ணாடி தெரியாமல் வீதியில் இறங்கவே வேண்டாம்.

இங்கே இப்போது காலை எட்டு மணி, உங்களுக்கு இரவு ஒன்பதரை. வரும் ஞாயிறுவரை மல்லாவியில்தான் நிற்பேன். கழற்றியதும் ரெசிஸ்டரையும் பிளக்கையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். நான் பார்த்துச் சொன்னபின் கடைக்குப் போகலாம்.