பேய்ப்பட விழா நடத்தணுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மூணு வருஷமா சென்னைல ரெண்டு நாள் ஹாரர் பட விழா ஒண்ண நாலஞ்சு பேரு சேந்து நடத்திட்டு வர்றோம். நாங்களும் நடத்தலாமா, எப்படி, எவ்ளோ ஆகும்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். கேளுங்க.

கேள்வி: அக்கா, ஃப்ரெண்ட்ஸ் பத்து பேர் இருக்கோம். ஹால் புடிச்சு நாலு வெளிநாட்டுப் படம் போட்டா விழா ஆயிடும்ல?

பதில்: ஆகாது தம்பி, வம்புதான் ஆகும். டிஸ்க்ல வாங்கினது, ஓடிடில இருக்கறது எல்லாம் வீட்ல பாக்கத்தான். ஹால்ல போடணும்னா உரிமை வச்சிருக்கறவங்களுக்கு ஒரு ஷோவுக்கு இவ்ளோன்னு காசு குடுத்து எழுதி வாங்கணும். அது முடிஞ்சா சென்சார். நம்ம ஊரு சர்டிஃபிகேட் இல்லாத படத்துக்கு டெல்லில தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துகிட்ட விலக்கு கேக்கணும், படம் படமா கதைச்சுருக்கத்தோட லிஸ்ட் அனுப்பி. அப்படி விலக்கு வாங்கின படத்துக்கு கவுண்டர்ல டிக்கெட் கிழிச்சு விக்க முடியாது, பேர் பதிஞ்ச டெலிகேட்டுக்கு மட்டும்தான். முதல் வருஷம் இது தெரியாம போஸ்டர்ல பெருசா "டிக்கெட்"னு அடிச்சுட்டு, ராத்திரி பூரா உக்காந்து அது மேல "டெலிகேட் பாஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டினோம்.

கேள்வி: பழைய ஊமைப்படம் போட்டா உரிமைத் தொல்லை இல்லையே?

பதில்: பாதி சரி. நம்ம சட்டப்படி சினிமாவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம்தான் காப்புரிமை, அதனால 1922ல வந்த நோஸ்ஃபெராட்டு மாதிரி படம் ஓகே. (டிராகுலா நாவல அனுமதி இல்லாம எடுத்துட்டாங்கன்னு கோர்ட்டு பிரதியெல்லாம் அழிக்கச் சொல்லியும் தப்பிச்ச படம் அது, பேய்ப்படத்துக்கு ஏத்த ஜாதகம்.) ஆனா புதுசா சேத்த இசைக்குத் தனி உரிமை இருக்கும், அத மறந்துடாதீங்க. நாங்க ஒலிய மியூட் பண்ணிட்டு ஒரு பையன மேடைல உக்கார வச்சு கடமும் கீபோர்டும் வாசிக்கச் சொன்னோம், அந்த வருஷத்துலயே அதிகம் பேசப்பட்ட ஷோ அதுதான்.

கேள்வி: ஹால் பாக்கும்போது முதல்ல எதப் பாக்கணும் மேடம்? ஸ்கிரீன் சைஸா, சீட்டா?

பதில்: காது. கண்ண மூடிட்டு உக்காந்து அஞ்சு நிமிஷம் ஏசி சத்தத்தக் கேளுங்க. பேய் வர்றதுக்கு முன்னாடி இருக்கற அமைதிலதான் பயமே இருக்கு, அந்த இடத்துல ஏசி கொர்ருன்னு ஓடினா படம் செத்துச்சு. தியேட்டர் சவுண்ட கட்டுப்படுத்தற டால்பி ப்ராசஸர்ங்கற மெஷின்ல ஃபேடர்னு ஒரு வால்யூம் நம்பர் இருக்கும், ஸ்டுடியோல படத்தோட ஒலிய மிக்ஸ் பண்றது 7ல வச்சுதான். ஆனா சத்தமா இருக்குன்னு யாராவது புகார் சொல்வாங்கன்னு பல தியேட்டர்ல 5க்கு இறக்கிடுவாங்க. அப்ப என்னாகுதுன்னா கதவு கிறீச்சுன்னு மெல்லத் திறக்கறது, மூச்சு விடறது, பக்கத்து ரூம்ல நடக்கறது எல்லாம் ஏசிக்குள்ள முங்கிப் போயி, திடுக்னு அடிக்கற சத்தம் மட்டும் மிஞ்சும், நல்ல படம்கூட சும்மா பூச்சாண்டி மாதிரி ஆயிடும். ஆபரேட்டர் அண்ணன்கிட்ட முன்னாடி நாளே போயி டீ வாங்கிக் குடுத்து பேசி, 7 வேணாம்னாலும் ஆறரையாவது வைங்கன்னு கேளுங்க. சீட்டு கிழிஞ்சிருந்தா யாரும் கவலப்பட மாட்டாங்க.

வாடகை பத்தி ஒரு ரகசியம். ரிசப்ஷனுக்கும் விடற ஆடிட்டோரியம்னா ஆடி மாசம் பாருங்க, கல்யாணம் இல்லாததால காலியா கெடக்கும், பேரம் படியும். மழையும் டிசம்பர் மாதிரி மிரட்டாது.

கேள்வி: இன்டர்வெல் விடுவீங்களா?

பதில்: இதுக்கு நான் சண்டையே போட்டிருக்கேன். வெளிநாட்டுப் படம் இடைவேளைக்குன்னு எடுத்தது கிடையாது, 90 நிமிஷப் படத்த நடுவுல வெட்டி லைட்டப் போட்டா கட்டி வச்ச பயமெல்லாம் பாப்கார்ன் வரிசைல கரைஞ்சிடும். ஆனா கேன்டீன்காரர் பொழப்பும் அந்த பத்து நிமிஷத்துலதான் இருக்கு. கடைசில ரெண்டு படத்துக்கு நடுவுல 25 நிமிஷம் விட்டோம், முன்னவிட வியாபாரம் ஜாஸ்தின்னு அவரே சொன்னாரு.

கேள்வி: டெக்னிக்கலா சொதப்பினது உண்டா?

பதில்: உண்டு. டிசிபின்னு தியேட்டருக்கு அனுப்பற டிஜிட்டல் ஃபைல்ல வர்ற படம் பூட்டியிருக்கும், தொறக்க கேடிஎம்னு ஒரு சாவி ஃபைல் வரும், அந்த சர்வருக்கு மட்டும், இந்த நேரத்துலேர்ந்து இந்த நேரம் வரைக்கும்னு. எங்களுக்கு வந்தது காலைல 10 மணிலேர்ந்துன்னு இருந்துச்சு, சந்தோஷமா 2 மணி ஷோ வச்சோம். அந்த 10 யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம கணக்குல மூன்றரை! ஹால் நெறைய ஆள உக்கார வச்சுட்டு ஒன்றரை மணி நேரம் என்ன பண்ண? மைக்க கீழ குடுத்து ஆளாளுக்கு சொந்த ஊர் பேய்க்கதை சொல்லுங்கன்னோம். ஒருத்தர் கூட எழுந்து போகல.

கேள்வி: சந்திரமுகி போடுவீங்களா? அது பேய்ப்படமா இல்லையா?

பதில்: ஆரம்பிச்சாச்சா. 2005ல வந்து சாந்தி தியேட்டர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடின படம், அதுல பேயே கிடையாது மனநோய்தான்னு ஒரு கோஷ்டி, தியேட்டர்ல பயந்தேனா இல்லையான்னு இன்னொரு கோஷ்டி. எங்க வாலன்டியருங்களே ரெண்டா பிரிஞ்சு ஒரு வாரம் பேசிக்கல. நான் ரெண்டாவது கோஷ்டி.

கேள்வி: பையனுக்கு 12 வயசு, பேய்ப்படம்னா உயிரு. நானும் கூட வர்றேன், விடுவீங்களா?

பதில்: ஏ சர்டிஃபிகேட் படத்துக்கு யார் கூட வந்தாலும் 18க்கு கீழ முடியாதுங்க, சட்டம். யூஏல இப்ப 7, 13, 16னு பிரிச்சிருக்காங்க, அது பெத்தவங்க பாத்து முடிவு பண்றதுக்கு. விழாவுக்கு வேணாம், வீட்ல கூட்டா உக்காந்து பாருங்க.

கேள்வி: ஸ்பெயின்ல சிட்ஜஸ் விழால ஜாம்பி வேஷம் கட்டி ஊர்வலம் போறாங்களே, நாமளும் பண்ணலாமா?

பதில்: அது 1968லேர்ந்து நடக்கற விழா தம்பி, ஊரே பழகிடுச்சு. நம்ம ஆளு ஒருத்தரு வெள்ளப் புடவை, தலைவிரி கோலமா மோகினி வேஷத்துல ஆட்டோ புடிக்க ரோட்டுல நின்னாரு, மூணு ஆட்டோ நிக்கவே இல்ல, நாலாவது அண்ணன் நின்னு "எங்க போணும், டபுள் ஆகும்"னாரு. வேஷம் வளாகத்துக்குள்ள மட்டும்னு இப்ப ரூல் போட்டிருக்கோம். வேஷம் கட்டற இந்த ஆளுங்கதான் மூணு வருஷமும் முதல் நாளே பாஸ் வாங்கறவங்க, நாற்காலி தூக்கறவங்களும் இவங்களேதான், அதனால தடை மட்டும் போட மனசு வராது.

கேள்வி: விடிய விடிய ஷோ உண்டா? பார்க்கிங்?

பதில்: விடிய விடிய கிடையாது, அனுமதி வாங்கறது பெரும்பாடு. மெட்ரோ 11 மணியோட முடியுது, அதுக்குள்ள கடைசிப் படம் விட்டுடுவோம். டூவீலருக்கு இடம் இருக்கு. காரத் தயவுசெஞ்சு கொண்டு வராதீங்க.