மேனுவல் எழுதும் வேலை இனி இருக்குமா?

கேள்வி: ஊர் தங்கச்சிமடம். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் டெக்னிக்கல் ரைட்டர் (மேனுவல், உதவிக் குறிப்புகள் எழுதுபவர்) வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. "அதையெல்லாம் ஏஐயே எழுதிடும்டா" என்கிறார் மச்சான். போகலாமா?

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. புரோகிராமர் தரும் குறிப்பை இலக்கணம் பார்த்துத் திருத்துவது, புதிய பதிப்பில் என்ன மாறியது என்று பத்து வரி எழுதுவது, ஏபிஐயின் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அதாவது தகவல் கட்டத்துக்கும், ஒரு வரி விளக்கம் சேர்ப்பது எல்லாம் முன்பு புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுத்த வேலைகள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இவற்றுக்கென்று தனியாக ஆள் வைக்க எந்த மேனேஜரும் யோசிப்பார்.

மீதிப் பாதி உங்கள் அப்பாவின் படகிலேயே இருக்கிறது. படகுகள் ஒன்றோடொன்று பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 16ஆம் சேனல் என்பதை ஏஐ சட்டென்று சொல்லிவிடும். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை அதிகமாகத் திருகினால் தூரத்துப் படகின் மெல்லிய குரல் கேட்காமல் போகும் என்பதையும் சொல்லும். ஆனால் இருட்டில், என்ஜின் இரைச்சலில், ஈரக் கையோடு எந்தக் குமிழை எதுவென்று நினைத்துத் திருகுகிறார்கள்? அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். இந்தத் தொழிலில் எனக்குச் சம்பளம் கொடுத்தது பெரும்பாலும் இந்தப் பார்வைதான், எழுத்து அப்புறம்.

பார்க்காமல் எழுதிப் பட்டவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பம்ப் கன்ட்ரோலருக்கு என்ஜினியரின் குறிப்பை மட்டும் வைத்து மேனுவல் எழுதினேன். மூன்றாவது படி "மூடியைக் கழற்றவும்", நான்காவது படி "மின்சாரத்தை நிறுத்தவும்"! சர்வீஸ் ஆள் போனில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஏஐ எழுதுவதிலும் இதே ஆபத்துதான். வாக்கியம் பளிச்சென்று இருப்பதால், வரிசை தப்பியிருந்தாலும் கண்ணில் படாது.

அதனால் நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள்: மென்பொருளை நானே ஓட்டிப் பார்க்கலாமா? கஸ்டமர் சப்போர்ட் ஆட்களோடு பேச விடுவீர்களா? "குறிப்பு வரும், ஒழுங்குபடுத்தித் தந்தால் போதும்" என்றால் அந்த வேலைக்கு ஆயுசு கம்மி. வேறு வழியில்லை என்றால் சேருங்கள், ஆனால் தேடுவதை நிறுத்தாதீர்கள்.

இயந்திரம், மருத்துவக் கருவி பக்கம் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அங்கே பயன்பாட்டுக் கையேடு சட்டக் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை (2023/1230) 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது. கையேட்டை டிஜிட்டலாகத் தரலாம் என்று அது அனுமதிக்கிறது. காகிதம் குறையும், பொறுப்பு குறையாது. இன்னொன்று: நிறுவனங்களின் சாட்பாட்கள் இப்போது இதே ஆவணங்களைப் படித்துத்தான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கின்றன. ஆவணம் பழசாக இருந்தால் சாட்பாட்டும் தப்பாகத்தான் சொல்லும்.

படிக்க வேண்டியவை மார்க்டவுன் (எளிய குறிகளால் ஆவணம் எழுதும் முறை), கிட் (Git, யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கருவி), ஓப்பன்ஏபிஐ (OpenAPI, ஏபிஐயை விவரித்து எழுதும் பொது வடிவம்). பெரிய கையேடுகளைத் துண்டு துண்டாக எழுதிச் சேர்க்கும் டிட்டா (DITA) முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூகுள் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதை முடிக்காமல் சான்றிதழுக்காக எங்கும் பணம் கட்டாதீர்கள்.

ஜூன் 14 வரை படகு கரையில்தானே நிற்கும்? அந்த வயர்லெஸ்ஸுக்குத் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அதைத் தொட்டே பார்க்காத ஒரு பையனிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவன் கை தடுமாறும் இடமெல்லாம் உங்கள் பிழை. திருத்தி, இன்னொருவனிடம் கொடுங்கள். முதல் பிரதி, கடைசிப் பிரதி இரண்டையும் நேர்முகத்துக்குக் கொண்டுபோங்கள். அப்பாவிடம் மட்டும் சோதிக்க வேண்டாம். அவர் உங்கள் தாளைப் பார்க்காமலே சரியாகச் செய்துவிடுவார்.