தொடைத் தசை ஏன் மெலிகிறது? நரம்பியல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: கபடியில் அடிபட்ட என் மகனுக்கு முழங்காலில் ஏ.சி.எல். எனும் முன் குறுக்குத் தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நன்றாகத்தான் நடக்கிறான், ஆனாலும் அந்தத் தொடை மட்டும் இளைத்தே இருக்கிறது. நடக்க நடக்கத் தேறிவிடாதா, டாக்டர்?

பதில்: நடை மட்டும் போதாது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை, அங்கிருந்து எழும் உணர்வுச் செய்திகள், தொடையின் முன்புறத்திலுள்ள நாற்தலைத் தசைக்குச் செல்ல வேண்டிய கட்டளையைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்திவிடுகின்றன. தசை கெடவில்லை, ஆனால் முழுமையாக வேலை வாங்கப்படாததால் மெலிகிறது. வலி இல்லாதபோதும் இந்தத் தடை நீடிக்கலாம் என்பதால், வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுவோரின் தொடை எளிதில் தேறுவதில்லை. முதலில் வீக்கம் வடிய வேண்டும். பிறகு இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இரு தொடைகளையும் மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து குறித்து வரலாம். ஆயினும் அளவு சமமான பின்னும் வலிமை பின்தங்கியிருக்கக்கூடும். வலிமையைச் சோதிக்காமல் அவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. திடீரென வலது தொடையில் இரவெல்லாம் தாங்க முடியாத வலி வந்தது. சில வாரங்களில் தொடை வற்றி, படியேறும்போது முழங்கால் மடங்குகிறது. உடல் எடையும் குறைந்திருக்கிறது. புற்றுநோயோ என்று பயப்படுகிறோம்.

பதில்: நீங்கள் சொல்லும் வரிசை, அதாவது முதலில் கடும் வலி, அடுத்துத் தளர்ச்சி, பிறகு மெலிவு, கூடவே எடை இழப்பு, நீரிழிவால் வரும் ஒருவகை நரம்புப் பாதிப்பை நினைவூட்டுகிறது. நரம்புகளுக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களில் ஏற்படும் அழற்சியே இதன் காரணம் என்று கருதப்படுகிறது. சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இது வருவதால் குடும்பத்தினர் குழம்பிப்போகிறார்கள், மருத்துவர்களும்தான். முதுகெலும்பில் மூன்றாம், நான்காம் இடுப்பு நரம்புகளை, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) அழுத்தினாலும் ஏறக்குறைய இதே தோற்றம் உண்டாகும். இரண்டிலும், முழங்காலுக்குக் கீழே தட்டும்போது கால் தானாக உதைக்கும் அனிச்சைத் துடிப்பு குறையலாம். எனவே நரம்புக் கடத்தல் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படும். எடை இழப்பு இருப்பதால் பிற காரணங்களையும் மருத்துவர் தேடுவார். அதைத் தவிர்க்கக் கூடாது. நீரிழிவுதான் காரணம் என்றால் பெரும்பாலோர் தேறுகிறார்கள், ஆனால் பல மாதங்கள் ஆகும். சில வேளை மறு தொடைக்கும் பரவிய பின்பே அடங்கும். அதுவரை அவர் தனியாகப் படியேற வேண்டாம்.

கேள்வி: இன்சுலின் போடும் இடத்தில் தொடை குழிந்திருக்கிறது. இதுவும் தசை மெலிவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு கரைந்த குழி அது. ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஓராண்டாக ஒரு பொடி சாப்பிடுகிறேன். வலி இல்லை, ஆனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. முகம் உப்பிவிட்டது என்கிறார்கள்.

பதில்: என்ன மருந்து என்று குறிக்கப்படாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு இரு தொடைகளையும் வலியின்றி மெலியச் செய்யும். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். உடல் தன் சொந்த ஹார்மோனைச் சுரக்க மறந்திருக்கும் என்பதால் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு மிகைச் சுரப்பும் வைட்டமின் டி குறைபாடும் இதே தளர்ச்சியைத் தருவதால் அவற்றையும் பரிசோதிப்பார்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடைகள் வலியின்றி இளைக்கின்றன; அடிக்கடி விழுகிறேன். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். புட்டியின் மூடியைத் திறக்கக்கூட விரல்களில் பிடி இல்லை.

பதில்: மேலே பார்த்தவற்றில் நோய் மூட்டிலோ நரம்பிலோ மருந்திலோ இருந்தது, உங்களுக்குத் தசையிலேயே இருக்கலாம். தொடையின் முன்புறமும் விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளும் சேர்ந்து தளர்வது வெறும் மூப்பின் போக்கு அன்று. ஐம்பதைத் தாண்டியோருக்கு வரும் 'உள்ளடக்கப் பொருள் தசையழற்சி' என்ற அரிய நோயில் இப்படி நேரும். மற்ற தசையழற்சிகளுக்குக் கைகொடுக்கும் ஸ்டீராய்டு இதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பதால், தசைத் துணுக்குப் பரிசோதனையின்றிச் சிகிச்சையில் இறங்க வேண்டாம். விழுங்கும்போது உணவு தொண்டையில் நிற்கிறதா என்பதையும் நரம்பியல் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.