மேக்ரோ இல்லாத வேர்ட் கோப்பு வெளி முகவரியைத் தொடர்புகொள்வது ஏன்?

வணக்கம். மின்னஞ்சலில் வந்த டாக்எக்ஸ் கோப்பில் மேக்ரோ (கோப்புக்குள் பதிந்திருக்கும் சிறு நிரல்) எதுவும் இல்லை என்று, மேக்ரோக்களைத் தேடும் ஓலிவிபிஏ கருவி தெரிவித்தும், அதைத் திறக்கும்போது வேர்ட் ஏதோ ஒரு வெளி முகவரியைத் தொடர்புகொள்வதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் மிகவும் நியாயமானது. தயவுசெய்து அக்கோப்பை இனி வேர்டில் திறக்காதீர்கள்.

டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பே என்பதால், வலையமைப்பு இணைப்பில்லாத ஒரு மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாகத் தனித்து இயங்கும் கணினியில்) அதை விரித்து, 'வேர்ட்' அடைவுக்குள் இருக்கும், இணைப்புகளைப் பட்டியலிடும் 'ரெல்ஸ்' அடைவின் கோப்புகளை, முதலில் 'செட்டிங்ஸ்' பெயருடையதை, சாதாரண உரைத்திருத்தியில் படித்துப் பாருங்கள். அங்கே 'அட்டாச்டு டெம்ப்ளேட்' என்ற வகையில், 'எக்ஸ்டர்னல்' என்ற குறிப்போடு ஓர் இணைய முகவரி இருந்தால், தீங்கான மேக்ரோ இக்கோப்பில் இல்லாமல், திறந்தவுடன் பதிவிறக்கப்படும் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) இருக்கக்கூடும். சாதாரண மீயிணைப்புகளுக்கும் 'எக்ஸ்டர்னல்' குறிப்பு வரும் என்பதால், அதை மட்டும் கண்டு முடிவெடுத்துவிடாமல், இணைப்பின் வகையையும் பார்ப்பது அவசியம்.

'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' (ஆவணத்தில் இணைக்கப்படும் வேறு நிரலின் பொருள்) வகை வெளியிணைப்பு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2022இல் வெளிப்பட்ட ஃபோலினா தாக்குதல் அவ்வழியில்தான், ஒரு மேக்ரோகூட இல்லாமல், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் கட்டளைகளை இயக்கியது. ஓலிவிபிஏ இடம்பெறும் அதே ஓலிடூல்ஸ் தொகுப்பிலுள்ள ஓலிஆப்ஜ் கருவி இத்தகைய வெளியிணைப்புகளைத் தானே எடுத்துக்காட்டும்.

கோப்புகளைச் சோதிக்கும் பொதுத் தளங்களில் இதைப் பதிவேற்றினால் அதன் உள்ளடக்கம் பிறர் கைக்குப் போகக்கூடும் என்பதால், முதலில் ஹாஷ் மதிப்பை (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளத்தை) மட்டும் அங்கே தேடிப் பாருங்கள். ஏற்கெனவே திறந்த கணினியை வலையமைப்பிலிருந்து உடனே துண்டித்துவிடுங்கள். அந்த ரெல்ஸ் கோப்பில் கண்ட வரியை, முகவரியைச் சொடுக்க முடியாதபடி மாற்றி, இங்கே இட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.