உடலில் குறுக்கு வரிகள் உள்ள மீன் வஞ்சிரமா, வாஹூவா என்று எப்படி அறிவது?

வரிகளை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். இரண்டுக்கும் குறுக்கு வரிகள் உண்டு, உயிர் போனதும் வாஹூவின் வரிகள் விரைவில் மங்கியும் விடும். நம்பத்தக்க அடையாளம், செவுளுக்குப் பின்னிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடுதான். வஞ்சிரத்தில் அது ஏறத்தாழ நேராகவே சென்று, இரண்டாம் முதுகுத்துடுப்பு முடியும் இடத்திற்குக் கீழே சட்டென்று சரிகிறது. வாஹூவிலோ முதல் முதுகுத்துடுப்பின் நடுப்பகுதிக்குக் கீழேயே அந்தச் சரிவு வந்துவிடுகிறது. மீனைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி பிடித்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

அதிலும் ஐயம் இருந்தால் முதல் முதுகுத்துடுப்பை விரித்து முட்களை எண்ணுங்கள்: வஞ்சிரத்தில் 15 முதல் 18, வாஹூவில் 23 முதல் 27. வாஹூவின் மூக்குப்பகுதி நீண்டு, தலையின் மீதிப் பாகத்தின் நீளத்திற்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கத் தேவையில்லை. இரண்டின் பற்களுமே கத்தி போன்றவை.

வரிகளுக்குப் பதிலாக வட்டப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்து, பக்கக்கோடும் திடீர்ச் சரிவின்றி மெல்ல வளைந்து இறங்கினால், அது வஞ்சிரத்தின் இனத்தைச் சேர்ந்த, உருவில் சிறிய புள்ளிச் சீலா.