மேட்டில் நிற்பவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இரவுப் பணி. அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் பேஸ்பால் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வருவதால், வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் கைப்பேசியில் பார்க்கப் பழகிவிட்டேன்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, அங்கே கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் தொடங்கியது. காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பிய நண்பனையும் பிடித்து உட்காரவைத்தேன். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் (அணிக்கு மூன்று அவுட் வீதம் ஓர் இன்னிங்ஸ்) ஆடி டொராண்டோ புளூ ஜேஸை வென்றது. முந்தைய ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் பந்து எறிந்த டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ, ஒருநாள்கூட ஓய்வில்லாமல் மறுநாளும் வந்து கடைசி எட்டு அவுட்டுகளை எடுத்தார். அந்தத் தொடரில் டாட்ஜர்ஸ் வென்ற நான்கில் மூன்று வெற்றிகள் அவர் கணக்கில்.

நான் சொல்வது இதுதான்: பேஸ்பாலில் பிட்சர்தான் எல்லாம். கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பந்துவீச்சாளரும் ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர்தான் வீச முடியும். இங்கே ஒரே ஆள் ஒவ்வொரு பந்தையும் எறிகிறார். நண்பன் கேட்கிறான்: ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவன், தினமும் ஆடுகிறவனைவிட எப்படிப் பெரியவன் ஆவான்? சண்டை தீரவில்லை. யார் சொல்வது சரி?

இன்னொரு சந்தேகம். கடைசி இன்னிங்ஸ் மட்டும் எறிய வருகிறவர்களையும் பெரிய பிட்சர்கள் வரிசையில் சேர்க்கலாமா?

ஒரு வாசகன்,
தண்டையார்பேட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

வியாசர்பாடி என்றால் கால்பந்து, ராயபுரம் என்றால் குத்துச்சண்டை, மற்ற தெருக்களில் கேரம் என்று பாகம் பிரித்துவிட்ட ஊரில் பேஸ்பாலுக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு உற்சாகமாக இருக்கிறது. சண்டையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் உங்கள் நண்பர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. அந்தக் காரணம் நிற்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். முதலில் இறங்கும் பிட்சர் ஒருவர் அதில் 32 ஆட்டங்களில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 இன்னிங்ஸ் எறிந்தால் 800 பேரையாவது எதிர்கொள்கிறார். தினமும் ஆடும் ஹிட்டருக்கு ஓர் ஆட்டத்தில் நான்கு, ஐந்து முறைதான் மட்டை பிடிக்க முறை வரும். பருவம் முழுக்க ஆடினாலும் 650, 700 தேறும். ஆக, ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவர்தான் அதிக மோதல்களில் பங்கெடுக்கிறார். தினமும் மைதானத்தில் தெரிகிறவர்தான் அதிகம் உழைக்கிறார் என்பது கண்ணுக்குத் தோன்றும் மயக்கம்.

உங்கள் பக்கத்தில் இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பெரிய ஹிட்டரை எதிரணி தவிர்த்துவிடலாம். பெரிய பிட்சரைத் தவிர்க்கவே முடியாது. 2004இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பாரி பாண்ட்ஸை எதிரணிகள் 232 முறை அடிக்கவிடாமல் இலவசமாக முதல் தளத்துக்கு (தளங்களைச் சுற்றி வீட்டுத் தளம் திரும்பினால்தான் ரன்) அனுப்பிவைத்தன. அதில் 120 முறை ஒளிவுமறைவே இல்லாமல், வேண்டுமென்றே. பேஸ்பால் கண்ட மிகப் பயங்கரமான மட்டையை என்ன செய்தார்கள்? ‘நீ போய் ஓரமாக நில், அடுத்த ஆளை அனுப்பு’ என்றார்கள். அந்த ஆண்டு அவருடைய அணி இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. ஊக்கமருந்துச் சர்ச்சை அவர் பெயரைவிட்டு இன்றும் போகவில்லை, அது வேறு விஷயம். பிட்சரிடம் இந்த வித்தை பலிக்காது. அவர் பந்து எறியும் மண்மேட்டில் ஏறிவிட்டால் ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் நின்றே தீர வேண்டும்.

அந்த மேட்டுக்கே ஒரு கதை உண்டு. 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். டெட்ராய்ட்டின் டென்னி மெக்லெய்ன் ஒரே பருவத்தில் 31 ஆட்டங்களை வென்றார். இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் முழுவதிலும் மட்டைச் சராசரியில் முதலிடம் பிடித்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி வெறும் .301, அதாவது பத்து முயற்சிக்கு மூன்று ஹிட். நிர்வாகம் பயந்துபோனது. ரன் இல்லாத ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? மறு ஆண்டே பிட்சரின் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஹிட்டர் அடிக்காமல் விட்டாலும் ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்) என்று கணக்கிடும் பகுதியையும் சுருக்கினார்கள். பிட்சர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது. அவர்கள் காலடி மண்ணைச் சுரண்டி எடுத்தால்தான் ஆட்டம் பிழைக்கும் என்றாகிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் மறுபக்கம் சாய்கிறேன்? நீங்கள் சாட்சியாகக் கூப்பிட்ட அதே ஏழாவது ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4–3 என்று பின்தங்கியிருக்கிறது. சமன்செய்த ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் போல எல்லை தாண்டும் அடி) அடித்தவர் அணியின் நட்சத்திரங்களான ஓட்டானியோ மூக்கி பெட்ஸோ அல்ல. மட்டை வரிசையில் ஒன்பதாவதாக வரும் மிகேல் ரோஹாஸ். அதன் பிறகுதான் யமமோட்டோ வருகிறார். அப்போது ஓர் அவுட், தளங்களில் இரண்டு பேர். வந்தவுடன் அவர் செய்தது அடுத்த ஆளின் உடம்பில் பந்தை எறிந்தது. தளங்கள் மூன்றும் நிரம்பிவிட்டன, ஒரு ரன் போனால் கோப்பை போயிற்று. அடுத்து தரையில் உருண்ட பந்தை எடுத்து, தடுமாறியபடியே வீட்டுத் தளத்துக்கு எறிந்து காப்பாற்றியவர் அதே ரோஹாஸ். அதற்கடுத்த பந்து இடது மைய ஆழத்துக்குப் பறந்தது. காவலுக்காக அப்போதுதான் மாற்று ஆளாக உள்ளே வந்திருந்த ஆண்டி பாஹேஸ் ஓடிவந்து, சக வீரர் மேலேயே மோதி, அதைப் பிடித்தார். 11ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன் வெற்றி ரன்னைத் தந்தது.

யமமோட்டோவின் சாதனை மகத்தானது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் அவர் கையில் இருந்ததா, ரோஹாஸின் கையில் இருந்ததா?

பிட்சர் தரக்கூடிய மிகச் சிறந்த பரிசு பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை வைத்துக்கொண்டு யாரும் வெல்ல முடியாது. 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 என்ற சராசரியோடு தேசிய லீக்கின் சிறந்த பிட்சர் விருதை வாங்கினார். அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 9. அவர் எறிந்த நாட்களில் சக வீரர்கள் மட்டையை ஓய்வெடுக்க அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இதற்கு மாற்றாக நீங்கள் ஸ்டீவ் கார்ல்டனைக் காட்டலாம்: 1972இல் பிலடெல்பியா அணி மொத்தமே 59 ஆட்டங்கள்தான் வென்றது, அதில் 27 அவருடையவை. நியாயம்தான். ஆனால் அவ்வளவு பெரிய பிட்சரை வைத்திருந்த அந்த அணி பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது.

2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தை எழுதிப் பெரிய கலகத்தைக் கிளப்பினார். ஸ்டிரைக் அவுட், இலவச நடை, ஹோம் ரன் ஆகியவை பிட்சரின் கையில் இருக்கின்றன. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதும் அவுட் ஆவதும் பெரும்பாலும் பின்னால் நிற்கிறவர்களையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது என்றார். பின்னால் வந்தவர்கள் திருத்தங்கள் சொன்னார்கள், ஆனாலும் அடிப்படை நின்றுவிட்டது. பிட்சரின் புகழில் ஒரு பங்கு எப்போதும் கடன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, அதுவும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, பந்து போடுகிறவன் மேல் கூடுதல் மரியாதை இருப்பதற்குத் தெருவே காரணம் என்று நினைக்கிறேன். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் பந்து எதிர்வீட்டு மாடியில் விழுந்தால் ஆறு இல்லை, அவுட். பந்தை மீட்க அடித்தவனே படியேறிப்போய்த் திட்டு வாங்க வேண்டும். அந்த ஆடுகளத்தில் பந்துவீச்சாளன்தான் ராஜா. பேஸ்பாலிலும் இடம் பேசும். டென்வர் மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைவுப் பந்து வளையாமல் ஏமாற்றும். பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுத்துவரும் நிலைக்கு 2002இல் வந்தார்கள். எவ்வளவு பெரிய பிட்சரும் அங்கே ஒரு பருவம் எறியத் தயங்குவார்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது உடம்பு. சாண்டி கூபாக்ஸ் 1966இல் 27 ஆட்டங்கள் வென்றார், சராசரி 1.73. பருவம் முடிந்ததும் ஓய்வை அறிவித்தார். வயது 30. முழங்கை மூட்டுவாதம். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சரின் அறுந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக அவருடைய உடம்பிலிருந்தே வேறொரு நாரை எடுத்து மருத்துவர் ஃபிராங்க் ஜோப் பொருத்தினார். இன்று அந்த அறுவைச் சிகிச்சைக்கு டாமி ஜான் பெயரே நிலைத்துவிட்டது. சிகிச்சைக்கு நோயாளியின் பெயர் வைக்கும் அளவுக்கு நோய் ஒரு தொழிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தத் தொழிலின் மேன்மையை எத்தனை வருடத்துக்கு நம்பலாம்?

முதலாளிகள் இதை நூறு வருடங்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். பேப் ரூத் பாஸ்டன் அணியின் அருமையான இடதுகைப் பிட்சர். உலகத் தொடரில் தொடர்ந்து 29⅔ இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காதவர். அவரைக்கூட மேட்டிலிருந்து மெல்ல இறக்கி மட்டையைக் கொடுத்தார்கள். நியூயார்க்குக்குப் போன பிறகு 1920இல் 54 ஹோம் ரன் அடித்தார். அதன் பிறகு அவரை யாரும் பிட்சர் என்று நினைக்கவில்லை. நம் காலத்தில், பந்து எறிவது, மட்டை பிடிப்பது இரண்டையும் செய்யும் ஓட்டானி: முழங்கை அறுவைச் சிகிச்சையால் 2024 முழுக்க ஒரு பந்துகூட எறியாமல், மட்டையால் மட்டுமே தேசிய லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். மட்டை பிடிக்க முடியாத ஆண்டில் பந்து எறிந்து அந்த விருதை வாங்கு என்று அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. பணத்தையும் பாருங்கள். பிட்சராக மட்டும் இருக்கும் யமமோட்டோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர். ஹிட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி.

பழைய காலத்தில் பெரிய பிட்சர் என்றால் ஆட்டத்தைத் தொடங்கியவரே முடிப்பார். கிப்சன் 1968இல் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28ஐத் தானே முடித்தார். 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 1–0 என்ற முன்னிலையில், 73 பந்துகள் எறிந்திருந்த நிலையில், ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கப்பட்டார். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் ஹிட்டர் நன்றாக அடிப்பார் என்பது கணக்கு. அன்று கணக்கு காலை வாரியது, டாம்பா தோற்றது. இருந்தாலும் அணிகள் அந்தக் கணக்கை விடவில்லை. பந்து எறிவதன் முக்கியத்துவம் குறையவில்லை. அது ஐந்தாறு பேருக்குப் பங்கு போய்விட்டது. நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை ஆள்தான் அரிதாகிக்கொண்டு வருகிறார்.

நாளைக் காலை ஒரே ஓர் ஆட்டம், தோற்றால் எல்லாம் போயிற்று என்றால், நானும் கூபாக்ஸையோ கிப்சனையோதான் கேட்பேன். பத்து ஆண்டுக்கு ஓர் அணியைக் கட்டச் சொன்னால் ஹிட்டரைத்தான் எடுப்பேன், யோசிக்கக்கூட மாட்டேன்.

இதில் நமக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. 2008இல் இந்தியாவில் பிட்சர்களைத் தேடி ஒரு போட்டி நடத்தினார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். (கொல்கத்தாவுக்கு ஆடும் ரிங்கு சிங் வேறு ஆள்.) இருவரும் உச்ச லீக் வரை போகவில்லை. ஆனால் வேகமான தோள் கிடைத்தால் பிட்சராக்கிப் பார்க்கலாம் என்று நம்பினார்கள் பாருங்கள். 18 வயதில் முதன்முறையாக மட்டையைக் கொடுத்து ஹிட்டராக்கலாம் என்று எவரும் போட்டி நடத்தத் துணியவில்லை.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். பொதுவாகச் சேர்க்க மாட்டேன். மரியானோ ரிவேராவை மட்டும் சேர்ப்பேன். நியூயார்க் யாங்கீஸுக்காக 19 பருவங்களில் அவர் எறிந்தது மொத்தம் 1,283 இன்னிங்ஸ்தான். உழைக்கும் பிட்சர் ஒருவர் ஆறேழு ஆண்டில் முடித்துவிடும் கணக்கு அது. ஆனாலும் 652 ஆட்டங்களை முன்னிலை கலையாமல் காத்தார், இறுதிச் சுற்றுகளில் அவர் சராசரி 0.70. 2019இல் புகழ் மண்டபத்துக்கான வாக்களிப்பில் 425 பேரும் அவருக்கே வாக்களித்தார்கள். அதற்கு முன்பு எந்த ஹிட்டருக்கும், எந்த பிட்சருக்கும் அது வாய்த்ததில்லை.

அவர் தோற்ற ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். 2001 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம், அரிசோனாவில். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டு, 2–1 முன்னிலையோடு ஒன்பதாவதுக்கு வந்தார். எதிரணி மெல்லத் தட்டிவிட்ட பந்தை எடுத்து, இரண்டாம் தளத்துக்கு ஓடியவரை அவுட்டாக்கும் அவசரத்தில் தானே தவறாக எறிந்தார். அடுத்து ஓர் அடியில் ஆட்டம் சமன். கடைசியில் லூயிஸ் கான்சலஸ் மட்டையின் ஓரத்தில் பட்டும் படாமலும் தூக்கிவிட்ட பந்து, ரன்னைத் தடுக்க முன்னால் வந்து நின்ற உள்வட்டக் காவலர்களின் தலைக்கு மேலே போய் விழுந்தது. அவர்கள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் எளிய கேட்ச்.

அன்புடன்.