நொண்டும் காட்டெருமைக்கு வாழைப்பழம் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டத்துக்கு, பின்னங்கால் நொண்டும் காட்டெருமை ஒன்று தினமும் வருகிறது. பிடித்து வைத்தியம் பார்க்கச் சொல்லி மகள் அழுகிறாள். "காட்டு மிருகம், தானா ஆறிடும்" என்கிறார் கணவர். வனத்துறையினர் "கவனிச்சுட்டுத்தான் இருக்கோம்" என்கிறார்கள். மனசு கேட்காமல் நான் வாழைப்பழமும் மிச்சச் சோறும் வைக்கிறேன். யார் சொல்வது சரி?
- வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தப் பழத்தையும் சோற்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. அசைபோடும் மிருகத்துக்கு அவை அதிகமாக உள்ளே போனால் வயிறு புளித்து உப்பிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வாசலுக்கு வந்து பழகிவிடுவது. மசினகுடி பக்கம் தும்பிக்கையில் காயத்தோடு திரிந்த ரிவால்டோ யானையை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள வாழைத்தோட்டம் என்ற ஊர் மக்கள் பாசமாகத்தான் தீனி கொடுத்தார்கள். 2021 மே மாதம் வனத்துறையினர் அதைக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் ரேடியோ காலர் மாட்டிக் காட்டுக்குள் விட்டால், நேராக அதே ஊருக்கே நடந்து வந்துவிட்டது!

வனத்துறை தயங்குவதையும் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மயக்க ஊசி பட்ட மிருகம் உடனே விழாது, சில நிமிடம் மிரண்டு ஓடும். தேயிலைச் சரிவில் கால் ஊனமான காட்டெருமை ஓடினால் பள்ளத்தில்தான் உருளும். வளர்ந்த கடா ஒரு டன்னைக்கூடத் தொடும். அத்தனை கனத்தோடு ஒருக்களித்துக் கிடந்தால் வயிற்றில் வாயு கட்டி மூச்சு முட்டும், இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வைத்தியமே உயிரை வாங்கிவிடலாம்.

அப்படியென்றால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரியா? காயம் எப்படி வந்தது என்று தெரியாமல் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு கடாக்கள் முட்டிக்கொண்டதில் பட்ட அடி என்றால் விட்டுவிடலாம், பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் குளம்புக்கு மேலே வளையம் போட்டதுபோல் தோல் அறுந்து, அதற்குக் கீழே கால் வீங்கியிருந்தால் அது மிருகம் பிடிக்க வைத்த சுருக்குக் கம்பியாக இருக்கலாம். கம்பி தானாக ஆறாது, நாளுக்கு நாள் சதைக்குள் இறங்கும். மனிதன் வைத்த சுருக்கை மனிதன்தான் எடுக்க வேண்டும். அங்கே நான் உங்கள் மகள் பக்கம்.

அதனால் மகளிடம் போனைக் கொடுத்து, ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே அந்தக் காலைப் பெரிதாக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே இறங்கிக் கிட்டே போகக் கூடாது. நாயைக் கட்டிப் போடுங்கள். கம்பியோ வளையக் காயமோ தெரிந்தால், படத்தோடு ரேஞ்சர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வனக் கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும்வரை விடாமல் கேளுங்கள். கடிதத்தில் கணவரும் கையெழுத்துப் போடட்டும்.